நாக்கு அறிந்ததும் மூக்கு அறிந்ததும்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, நான் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த பீர் ஆலை, நடுவில் நிறுத்தி வைத்திருந்த கசப்பு பீரை மறுபடியும் கொண்டுவரப் போகிறதாம். போன மாதம் ஷீபா போன் செய்து சொன்னாள். லேபில் எனக்குக் கீழே வேலை பார்த்தவள், இப்போது லேபுக்குத் தலைவி.

"சேச்சி, கம்பெனி மலர்ல உங்க அனுபவம் ஒண்ணு வேணும் கேட்டோ. கசப்பு பீரை ருசிக்க எப்படிப் படிச்சீங்கன்னு புதுசா வந்த குட்டிகளுக்கு ரெண்டு பக்கம் எழுதித் தரணும்" என்றாள், மலையாளம் கலந்த தமிழில்.

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்ததும், அந்தக் கசப்பை ருசிக்கப் படித்ததை மட்டும் தனியே பிரித்து எழுத வரவில்லை. மலரில் இது வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முதலமடையில் மாந்தோப்பு. சித்தூர் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்து முடித்த கையோடு ஆலையின் லேபில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை கிடைத்தது. கல்யாணமாகி கொழிஞ்சாம்பாறைக்குப் போன பிறகும் அதே வேலை. பீர் கம்பெனி என்று மாமனாருக்குத் தெரியும். "தண்ணி டெஸ்ட் பண்றாளுங்க" என்று என் வீட்டுக்காரர் சொல்லி வைத்திருந்தார். முதல் ஆறு வருஷம் அது உண்மையாகவும் இருந்தது.

பிறகு ராமசேஷன் சார் தலைமை பிரூவராக வந்தார். பீர் காய்ச்சுவதற்கு முழுப் பொறுப்பு அவர். கல்பாத்திக்காரர். வெளிமாநில ஆலைகளில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் ஒரே ஒரு பேனா. யாரையும் சத்தம் போட்டுத் திட்ட மாட்டார். தப்புச் செய்தவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "எங்க ஆரம்பிச்சேளோ அங்கேர்ந்து சொல்லுங்கோ" என்பார். சொல்லி முடிப்பதற்குள் தப்பு எந்த இடத்தில் நடந்தது என்று சொன்னவருக்கே விளங்கிவிடும். திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

வந்த முதல் வாரமே லேபில் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, பெயர் ஒட்டாத சின்னக் குப்பிகளை முகரக் கொடுத்தார். கிராம்பு, வெந்த முட்டைக்கோஸ், ஈரமான அட்டைப்பெட்டி, உருகிய வெண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது நான் மட்டும்தான். சுவைக் குழுவில் என் பெயரைச் சேர்த்தபோது ஆபீஸில் முணுமுணுப்பு எழுந்தது. குடும்பப் பெண்ணைக் குடிக்க வைத்தார்கள் என்று பேச்சு வரும் என்றார்கள். "மூக்குல ஆம்பளை மூக்கு, பொம்மனாட்டி மூக்குன்னு நான் பார்த்ததில்லை. எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

அவருக்கு நான் பட்ட முதல் கடன் அது.

சுவைக் குழு காலை பதினொரு மணிக்குக் கூடும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி கூடாது, வெற்றிலை கூடாது. முகப் பவுடர், தலைக்குப் பூ, வாசனை எண்ணெய் எதுவும் கூடாது. வேலை நாளில் நான் மல்லிகை வைத்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது, ஓய்வு பெற்றபோது. நிறம் தெரியாதபடி கறுப்புக் கிளாஸ், அதன்மேல் மூன்று இலக்க எண். முதலில் முகர வேண்டும், பிறகு இரண்டு மடக்கு. துப்பக் கூடாது. பீரின் கசப்பை அடிநாக்கும் தொண்டையும்தான் முழுசாக அறியும், அதனால் விழுங்கியே ஆக வேண்டும். விழுங்கியவர்கள் வண்டி ஓட்டக் கூடாது என்று கம்பெனி வேனில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வேனில் நான் வந்து இறங்குவதை மாமனார் வாசலில் உட்கார்ந்து பார்ப்பார். கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் ஆலை செய்தது லாகர் என்ற லேசான பீர். கசப்பு பெயரளவுக்குத்தான் இருக்கும். ஒருநாள் சார் வெளிநாட்டிலிருந்து வந்த நான்கு பாட்டில்களைத் திறந்தார். பேல் ஏல் வகைகள். ஹாப்ஸ் என்ற கொடியின் பூவை அள்ளிப் போட்டுக் காய்ச்சியவை. பீரில் கசப்பும் மணமும் அந்தப் பூவிலிருந்துதான் வருகின்றன. முதல் மடக்கிலேயே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காய்ச்சலில் மாத்திரை நாக்கில் கரைந்த மாதிரி இருந்தது.

"இதை யாருங்க சார் காசு குடுத்துக் குடிப்பாங்க?"

"ரெண்டாவது மடக்குக் குடி. கசப்பைத் தள்ளாதே, அது போற வழியில போகட்டும். போனப்புறம் என்ன மிச்சம் இருக்குன்னு பாரு."

அன்று ஒன்றும் மிச்சமில்லை. மாதம் ஒரு முறை அந்த வகைகளைக் குடிக்க வைத்தார். நாலைந்து மாதம் கழித்து ஒருநாள், கசப்பு இறங்கின பிறகு, எனக்கு நன்றாகத் தெரிந்த ஏதோ ஒன்று மூக்கின் பின்பக்கம் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன். தோப்பில் மாங்காயைக் காம்போடு கிள்ளினால் பீச்சி அடிக்குமே ஒரு பால், கையில் பட்டால் புண்ணாக்கும், அதன் மணம். அதே மணம்தான், சந்தேகமில்லை.

"மாங்காப் பாலுங்க சார்" என்றேன்.

சார் கிளாஸை வாங்கி முகர்ந்தார். ரொம்ப நேரம் முகர்ந்தார். பிறகு தன் நோட்டில் 'மாங்காய்ப் பால்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். புத்தகத்தில் ஆரஞ்சுத் தோல், பைன் மரப் பிசின் என்றெல்லாம் போட்டிருக்கும். பைன் பிசினை நான் எங்கே கண்டேன்?

அதன்பின் கசப்பு எனக்கு எதிரியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பூ ரகத்துக்கும் ஒரு கசப்பு. ஒன்று நாக்கைச் சுரண்டும், ஒன்று சத்தமில்லாமல் வந்து போகும், ஒன்று சாப்பிட்டு முடித்த பிறகும் தொண்டையில் உட்கார்ந்திருக்கும். கொதிக்கத் தொடங்கும்போதே பூவைப் போட்டால் கசப்பு வரும், மணம் ஆவியோடு போய்விடும். இறக்கும் சமயத்தில் போட்டால் மணம் தங்கும். எல்லாம் ஆறி நொதித்த பிறகு தொட்டியில் பச்சையாகப் போட்டால் மணம் தூக்கி அடிக்கும். இதையெல்லாம் நான் மூக்கால் படித்தேன். லாகர் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மூணாறு ஹோட்டல்களுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் இந்த வகையைக் கேட்கிறார்கள் என்று கம்பெனி ஒரு கசப்பு பீர் செய்யத் தீர்மானித்தபோது, சாரும் நானும்தான் அதற்கு உட்கார்ந்தோம். ஏழு முறை காய்ச்சி ஏழாவதுக்குச் சரி சொன்னோம். நான் அந்த வேலையில் பட்ட சந்தோஷம் அதோடு சரி.

பிறகு கொரோனா வந்தது. இரண்டாவது அலையில் சார் மூன்று வாரம் படுத்திருந்து, இளைத்துத் திரும்பினார். முன்பெல்லாம் எல்லோருக்கும் முன்பாக முகர்ந்து கருத்தை எழுதுகிறவர், இப்போது எல்லோரும் எழுதி முடித்த பிறகு என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை எழுதினார். கசப்பு பீருக்கு ஒவ்வொரு முறையும், "இன்னும் கொஞ்சம் ஹாப்ஸ் போடுங்கோ. உயிரே இல்லையே இதுல" என்றார். லேப் அளவில் கசப்பு ஏறிக்கொண்டே போனது. கொதியின் தொடக்கத்தில்தான் கூட்டினார். மணத்துக்காகக் கடைசியில் போடும் பூவைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. இதை நான் கவனித்தேன், விளங்கவில்லை.

தொட்டியில் பச்சைப் பூ போட்டால் ஒரு தொல்லை உண்டு. அடங்கியிருந்த நொதித்தல் மறுபடியும் கிளம்பும். அது முழுசாக முடிவதற்குள் பாட்டிலில் அடைத்துவிட்டால், கொஞ்ச நாளில் பீரில் உருகிய வெண்ணெய் வாடை வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை. தொட்டியிலிருந்து இரண்டு குப்பிகளில் பீர் எடுத்து, ஒன்றை அறுபது டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் முகர வேண்டும். சூடாக்கியதில் வெண்ணெய் வந்தால் தொட்டியை மேலும் சில நாள் விட வேண்டும். இதற்கு மிஷின் எங்கள் லேபில் கிடையாது. மூக்குதான் மிஷின்.

ஒருநாள் சூடாக்கிய குப்பியைத் திறந்ததும் லேப் முழுக்க பேக்கரி மாதிரி அடித்தது. சார் குப்பியை வாங்கி முகர்ந்து, "சுத்தமா இருக்கு. அடைக்கலாம்" என்றார்.

அடைக்கும் பிரிவுக்கு அதை நான் சொல்லி அனுப்பவில்லை. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். மறுநாள் குழு கலைந்த பிறகு அவரை மட்டும் நிறுத்தி ஒரு கிளாஸைக் கொடுத்தேன். லாகரில் கசப்புச் சாறு மட்டும் சில சொட்டு விட்டது. அதில் பூவின் மணம் என்று ஒரு துளி கிடையாது.

இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "இதுதான் சரியான பாகம். மாங்காப் பால் நன்னா வந்திருக்கு" என்றார்.

கசப்புச் சாற்றுக் குப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"எப்போ தெரிஞ்சுண்டே?"

"நேத்துங்க சார்."

"ஒண்ணுமே வரலை சரஸ்வதி. சாப்பாட்டுல, சோப்புல, எதுலயும். கசப்பு ஒண்ணுதான் தெரியறது. நாக்கு மட்டும் இருக்கு." கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டாக்டர் திரும்பி வரலாங்கறார். ஒண்ணரை வருஷ சர்வீஸ் இருக்கு. இது தெரிஞ்சா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவா. ஆத்துல கூட யாருக்கும் தெரியாதாக்கும். நீ முகர்ந்து சொல்லு, நான் எழுதறேன். அவ்வளவுதான்."

ஒப்புக்கொண்டேன். அவர் எனக்குச் செய்ததை நினைத்து ஒப்புக்கொண்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். ஆலையின் மொத்த பீரும் என் ஒருத்தியின் மூக்கை நம்பி வெளியே போகிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை மறைத்து எழுதினால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

சோதனைத் தாளில் சுவைத்தவர் கையெழுத்து ஒன்று, தலைமை பிரூவர் கையெழுத்து ஒன்று. என்னை வேன் சீக்கிரமே ஏற்றிக்கொண்டு போய்விடும் நாட்களில் அவர் சாவகாசமாக எழுத வேண்டும் என்று, வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். போட்டேன். பத்துப் பன்னிரண்டு தாள் இருக்கும்.

எட்டு மாதம் இப்படி ஓடியது. ஜலதோஷம் பிடிக்கக் கூடாதே என்று மழையில் நனையாமல், ஐஸ் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். பிறகு என் வீட்டுக்காரருக்கு இருதயத்தில் அடைப்பு என்று கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் லீவு. போவதற்கு முன் சாரிடம், "நான் வர்ற வரைக்கும் கசப்பு பீரை அடைக்க வேண்டாமுங்க சார்" என்று சொன்னேன். "நீ நிம்மதியாப் போயிட்டு வா" என்றார்.

நான் வேலைக்குத் திரும்பி ஒரு மாதத்தில் மூணாறிலிருந்து புகார் வந்தது. விற்பனைப் பிரிவு ஆளோடு என்னையும் அனுப்பினார்கள். பள்ளிவாசல் என்ற ஊரைத் தாண்டி ஜீப்பில் ஏறி அந்த ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பாரில் பரிமாறுகிறவர் செல்வம் என்று ஒருவர், ஏலப்பாறை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். ஒரு பெட்டியை இழுத்து வைத்தார்.

"எக்கா, தப்பா நெனைக்காதீக. முன்னாடி வந்த சரக்கு கசந்தாலும் ஒரு வாசம் இருந்துச்சு, ஆளுக தேடி வந்து கேப்பாக. இது ஒரு மடக்குக் குடிச்சிட்டு அப்பிடியே வச்சிட்டுப் போயிருதாவ. கசப்பு தொண்டையப் புடிக்கி. அதுக்கு மேல வெண்ணெ வாடை வேற. நீங்களே பாருங்க."

திறந்தார். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. லேபிளில் இருந்த பாட்ச் எண்ணைப் பார்த்தேன். கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்த வாரத்தில் அடைத்தது.

ஆலைக்குத் திரும்பி பைலை எடுத்தேன். அந்த பாட்சின் சோதனைத் தாளில், 'வெண்ணெய் இல்லை, சுத்தம்' என்று சாரின் கையெழுத்தில் எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து.

விசாரணை ஜெனரல் மேனேஜர் அறையில் நடந்தது. அவர் கணக்குப் பிரிவிலிருந்து மேலே வந்தவர், பீர் காய்ச்சுவதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர், சார், நான், குறிப்பெடுக்க ஷீபா. தாளை என் முன்னால் தள்ளி, இது உங்கள் கையெழுத்துதானே என்று மலையாளத்தில் கேட்டார். ஆமாம் என்றேன், ஆனால் அன்றைக்கு நான் லீவு என்றேன். லீவில் இருந்தவர் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்றார். வெற்றுத் தாளில் முன்கூட்டியே போட்டுக் கொடுத்ததைச் சொன்னேன். ஏன் கொடுத்தீர்கள்?

நான் சாரைப் பார்த்தேன். அவராகச் சொல்வார் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். அவர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"சாருக்கு வாசனை தெரியறதில்லீங்க. கொரோனா வந்ததுல இருந்தே இல்லீங்க. நான்தான் மோந்து பாத்துச் சொல்லிட்டு இருந்தனுங்க" என்றேன்.

சார் நிமிர்ந்தார். குரலில் ஒரு நடுக்கமும் கிடையாது.

"தன் தப்பை மறைக்கறதுக்காக இப்படிச் சொல்றா. பேச்செதுக்கு? மூணு கிளாஸ் கொண்டுவரச் சொல்லுங்கோ. ரெண்டுல நம்ம லாகர், ஒண்ணுல இந்தக் கசப்பு பீர். எது வேறன்னு நான் சொல்றேன்."

ஷீபா எழுந்து போய்க் கறுப்புக் கிளாஸ்களில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். சார் ஒவ்வொன்றையும் கண்ணை மூடி முகர்ந்தார். எத்தனை அழகாக முகர்ந்தார்! பிறகு ஒவ்வொரு மடக்கு. நடுக் கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"இதாக்கும் வேற."

சரிதான் என்றாள் ஷீபா.

"சார், அது நாக்குலயே தெரியுமுங்க!" என்று ஜெனரல் மேனேஜரைப் பார்த்து நான் எழுந்தே விட்டேன். "லாகர் கசக்காது, இது கசக்கும். கொழந்தைக்குக் குடுத்தாலும் சொல்லுமுங்க. அதுக்கு மூக்கே வேண்டியதில்லீங்க. சூடு பண்ணுன குப்பியும் பண்ணாத குப்பியும் வெச்சுக் கேளுங்க. ஷீபா, நீ சொல்லு. உனக்குத் தெரியுமல்லோ?"

ஷீபாவுக்குத் தெரியும். பயிற்சி பெற்ற யாருக்கும் தெரியும். அவள் வேலை நிரந்தரமாவதற்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது. நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். ஜெனரல் மேனேஜர் போதும் என்று கையைக் காட்டினார்.

வெற்றுத் தாளில் கையெழுத்திட்டதும், மேலதிகாரி மீது பொய்க் குற்றம் சாட்டியதும் என் சர்வீஸ் புத்தகத்தில் ஏறின. சாரை டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை. யூனியனில் போய்ச் சொன்னபோது, வெற்றுத் தாள் விஷயத்துக்கு வேலையை விட்டே அனுப்பலாம், வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது என்றார்கள். கசப்பு பீரை நிறுத்திவிட்டார்கள். என்னைப் பாட்டில் லைனுக்கு மாற்றினார்கள். கழுவிய காலிப் பாட்டில்கள் வெளிச்சத்துக்கு முன்னால் வரிசையாக நகர்ந்து போகும். விரிசலோ அழுக்கோ தெரிந்தால் எடுத்துவிட வேண்டும். கண் இருந்தால் போதும். கடைசி மூன்று வருஷம் அதைச் செய்து ஓய்வு பெற்றேன். சார் எனக்கு முன்பே, மாலை மரியாதையோடு போனார். அந்த விழாவில் நாற்காலி போட்டவர்களில் நானும் ஒருத்தி.

கசப்பு பீரை நான் விடவில்லை. மாதத்தில் ஒரு தடவை என் வீட்டுக்காரர் பாலக்காடு போகும்போது, தான் குடிக்காதவராக இருந்தும் மதுக்கடை கியூவில் நின்று, நான் எழுதிக் கொடுத்த பெயரைக் காட்டி வெளிநாட்டுச் சரக்கு ஒன்று வாங்கி வருவார். சோறு வடித்த பிறகு நிதானமாக உட்கார்ந்து குடிப்பேன். மணம் அப்படியே வருகிறது. ஆனால் முகரும்போதெல்லாம் அந்த அறையும் வருகிறது. அதைப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

ஷீபா போன் செய்த மறுவாரம் ஒரு கார் வந்து வாசலில் நின்றது. ராமசேஷன் சார். தடி ஊன்றியிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தேன்.

"காபி நன்னா இருக்கு" என்றார்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் பண்ணது பாவமாக்கும், சரஸ்வதி. அன்னிக்கு எனக்கு வேற வழி தெரியலை. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

"இந்த ஊட்டுல சொன்னா யாருக்குங்க தெரியும்? கம்பெனிக்கு எழுதிக் குடுங்க."

"இனிமே எதுக்கு? ரெண்டு பேரும் வெளியில வந்தாச்சு. யாருக்கு என்ன லாபம்?"

"பொய் சொன்னவள்னு என்ற பேருக்கு நேரா இன்னும் இருக்குதுங்க."

நானே எழுந்து போய்த் தாளும் அட்டையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். பேனா அவர் பையிலேயே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

"ஆத்துல இன்னும் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியாது. மலருக்கு என்னையும் எழுதச் சொல்லியிருக்கா. இந்த வயசுல என்னை இறக்கிடாதே."

"நான் இறங்கி மூணு வருஷம் பாட்டில் பொறுக்குனனுங்க சார்."

அட்டையை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்தார். தடியை ஊன்றி வாசலுக்குப் போனார். டிரைவர் கதவைத் திறந்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் களத்துக் கிணற்றிலிருந்து வந்தபோது கார் முக்கில் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஆரம்மிணி அது, உங்க பழைய ஆபீஸரா? எதுக்கு வந்தாரு?"

"மன்னிப்புக் கேக்கறதுக்குங்க."

"நீ என்ன சொன்னே?"

"எழுத்துல குடுங்கன்னு சொன்னனுங்க."

"குடுத்தாரா?"

"இல்லீங்க."

அவர் தோளிலிருந்த துண்டை உதறினார். "செரி, உட்டுத் தள்ளு. ஒடம்பக் கெடுத்துக்காதே" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

என்னால் விட முடியவில்லை. அவர் எழுதாததை நான் எழுதியிருக்கிறேன்.